‘ராவிலெ’ என்றால் எப்போது? மருந்தாளுநரின் தொடர்கல்வி: ஓர் எளிய அறிமுகம்

உடுமலைப் பக்கத்திலிருந்து, கேரள எல்லைக்குள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருந்தார் ஒரு பாட்டி. வயது எழுபதுக்கு மேல். இதயக் கோளாறால் இரண்டு காலும் வீங்கியிருந்தன. டாக்டர் எழுதிக் கொடுத்தது ஃபுரோசமைடு. உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, தினம் ஒன்று. நான் அப்போது வேலை பார்த்த மருந்துக்கடையில் அதை எடுத்துக் கொடுத்த பையன் திருச்சூர்க்காரன், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. “ராவிலெ ஒரு குளிக, அம்மே” என்றான். பாட்டி தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மலையாளத்தில் ராவிலெ என்றால் காலையில். உடுமலையில் ‘ராவுல’ என்றால் ராத்திரி.

நாலாம் நாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முட்டியில் சிராய்ப்பு. “ஏனுங் தம்பி, இந்த மாத்திரையத் தின்னதுல இருந்து ராத்திரி பூராம் எந்திரிச்சுப் போயிட்டே இருக்கறனுங்க. நேத்து வாசப்படில உளுந்துட்டனுங்க” என்றார். டாக்டர் எழுதியது சரி, எடுத்துக் கொடுத்த மருந்து சரி, பையன் சொன்ன சொல்லும் அவன் மொழியில் சரி. ஆனாலும் பாட்டி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு போகாமல் தப்பியது எங்கள் நல்ல நேரம்.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள் ரெஃப்ரெஷர் வகுப்பு ஒன்றில் உட்கார்ந்திருந்தபோதுதான் இதற்கு ஒரு முறை இருப்பது எனக்குத் தெரிந்தது. நோயாளியிடம் “புரிஞ்சுதா?” என்று கேட்கக் கூடாது, எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க” என்று கேட்க வேண்டும். திருப்பிச் சொல்லவைக்கும் முறை. இருபது விநாடி வேலை. அந்தப் பாட்டி “ராத்திரி சோறு தின்னுட்டு” என்று சொல்லியிருந்தால் கடையிலேயே விஷயம் முடிந்திருக்கும். அந்த வகுப்பில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான், ஆனால் இன்றுவரை தினமும் பயன்படுகிறது.

தொடர்கல்வி என்று சொல்கிறார்களே, அது இதுதான். டி.பார்ம், பி.பார்ம் முடித்துப் பதிவு பெற்று வேலைக்கு வந்த பிறகும் தொழிலுக்குத் தேவையானதைத் தொடர்ந்து படிப்பது. அதில் நோய், மருந்து, நோயாளி இந்த மூன்றும் சேரும் பகுதிக்குக் கிளினிக்கல் பாடம் என்று பெயர். கடை லைசென்ஸ், ஜி.எஸ்.டி., ஸ்டாக் கணக்கு இவையும் தொழிலுக்கு வேண்டியவைதான், ஆனால் அவை வேறு. எதிரில் நிற்பவரின் உடம்புக்குள் இந்த மாத்திரை என்ன செய்யும் என்று கேட்டால் அது கிளினிக்கல்.

ஒரே மாத்திரையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர் வீட்டில் எல்லாம் இருக்கும். சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும், காலாவதித் தேதி பார்க்க வேண்டும், 500-ஐயும் 1000-ஐயும் குழப்பக் கூடாது. இதெல்லாம் கடை அறிவு. கிளினிக்கல் அறிவு அடுத்த கேள்வியில் தொடங்குகிறது: இவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது? நான் படித்த காலத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஆணுக்கு 1.5, பெண்ணுக்கு 1.4 தாண்டினால் மெட்ஃபார்மின் கூடாது என்று மனப்பாடம் செய்தோம். 2016-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தக் கணக்கையே மாற்றியது. வெறும் கிரியாட்டினினைப் பார்க்காமல், வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற, சிறுநீரகம் வடிகட்டும் அளவைப் பார்க்கச் சொன்னது. அது 30-க்குக் கீழே போனால் மருந்தே கூடாது. 30-க்கும் 45-க்கும் நடுவில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்குவது நல்லதில்லை. பழைய கணக்கால் வீணாக மருந்தை இழந்தவர்களும் உண்டு, சரியாக இருக்கிறது என்று நம்பி ஆபத்தில் இருந்த ஒல்லியான வயசாளிகளும் உண்டு.

“அது டாக்டர் வேலை, நமக்கென்ன” என்று தோன்றும். ஆனால் எங்கள் கடைக்கு வருபவர்கள் சீட்டையும் லேப் ரிப்போர்ட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் நீட்டுகிறார்கள். பாலக்காட்டில் பார்த்த டாக்டர் சீட்டு ஒன்று, பொள்ளாச்சியில் பார்த்த டாக்டர் சீட்டு ஒன்று, நடுவில் எப்போதோ எடுத்த இரத்தப் பரிசோதனை. மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரே ஆள் பல நேரம் கவுண்டரில் நிற்பவர்தான். மருந்தை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. “இந்த ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்தாரா?” என்று கேட்க உரிமை உண்டு, கடமையும் உண்டு. இன்னொன்று: பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பாதம் மரத்துப்போகிறது என்று வருபவரிடம் “சர்க்கரைன்னா அப்படித்தான்” என்று சொல்லி அனுப்புவதற்கும், “பி12 ஒரு தடவை பார்த்துக்கங்க, டாக்டர்கிட்ட கேளுங்க” என்று சொல்வதற்கும் நடுவில் இருப்பது ஒருநாள் வகுப்பு.

படித்தது பழசாகும்

மருந்து அறிவுக்கும் காலாவதித் தேதி உண்டு, அட்டையில் அச்சடித்திருக்காது, அவ்வளவுதான். நிமெசுலைடு சிரப்பைக் குழந்தைக் காய்ச்சலுக்குத் தாராளமாக விற்ற காலம் ஒன்று இருந்தது. 2011-இல் 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதை இந்தியாவில் தடை செய்தார்கள். குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது 2023 டிசம்பரில். 2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்து குழந்தைகள் இறந்ததையொட்டி, 2 வயதுக்குக் கீழ் இருமல் சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை மறுபடி நினைவூட்டியது. 2005-இல் பாஸான ஒருவர் அதற்குப் பிறகு எதையும் படிக்கவில்லை என்றால், இந்த மூன்றிலும் அவர் இன்னும் 2005-லேயே நிற்கிறார்.

சட்டம் என்ன கேட்கிறது? 1948-ஆம் வருஷத்துப் பார்மசி சட்டம்தான் மருந்தாளுநர் பதிவுக்கு அடிப்படை. அதன் கீழ் இந்தியப் பார்மசி கவுன்சில் 2015-இல் கொண்டுவந்த பார்மசி நடைமுறை விதிகள், பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருஷத்தில் குறைந்தது இரண்டு ரெஃப்ரெஷர் வகுப்பு, ஒவ்வொன்றும் குறைந்தது ஒருநாள், என்று சொல்கின்றன. ஐந்து வருஷத்தில் இரண்டு நாள். எனக்கு இது மிகக் குறைவாகவே படுகிறது.

வெளியே வேறு மாதிரி. அமெரிக்காவில் மருந்தாளுநருக்கும், அவருக்குக் கீழ் வேலை செய்யும் பார்மசி டெக்னீஷியனுக்கும் தனித்தனிப் பாடம். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் உண்டு. அதன் கடைசி எழுத்து ‘பி’ என்றால் மருந்தாளுநருக்கு, ‘டி’ என்றால் டெக்னீஷியனுக்கு. தேசிய அளவில் சான்று பெற்ற டெக்னீஷியன் இரண்டு வருஷத்துக்கு 20 மணி நேரம் காட்ட வேண்டும். அதில் ஒரு மணி சட்டம், ஒரு மணி நோயாளிப் பாதுகாப்பு. பிரிட்டன் மணிக்கணக்கை விட்டுவிட்டது. வருஷத்துக்கு நாலு கற்றல் பதிவு, சக தொழிலாளி ஒருவருடன் ஒரு கலந்துரையாடல், தன் வேலையைத் தானே அலசி எழுதும் ஒரு குறிப்பு. அங்கே டெக்னீஷியனும் பதிவு பெற்றவர் என்பதால் அவருக்கும் இதே விதி. எனக்குப் பிடித்தது பிரிட்டன் முறை. மணிக்கணக்கு என்றால் நாற்காலியை நிரப்பினால் போதும். “என்ன படித்தாய், அதனால் யாருக்கு என்ன மாறியது” என்று எழுதச் சொன்னால் ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

நம் ஊரில் டெக்னீஷியன் என்று தனிப் பதிவு கிடையாது. கடையில் ‘பையன்’, ‘ஹெல்பர்’, ‘அக்கா’ என்று அழைக்கப்படுபவர்கள்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரோ, அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் என்று சட்டம் சொல்கிறது. மாலை ஆறு மணிக் கூட்டத்தில் அந்த மேற்பார்வை எப்படி நடக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும், அதை விடுங்கள். எப்படிப் பார்த்தாலும் அலமாரியிலிருந்து அட்டையை உருவும் கை அவர்களுடையது. அதனால் அவர்களுக்கும் வகுப்பு வேண்டும், வேறு வகுப்பு. நோய் எப்படி உண்டாகிறது என்ற விளக்கம் அவர்களுக்கு அவசரமில்லை. எந்த மருந்தை எடுத்தால் உடனே நின்று மருந்தாளுநரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் முதல் பாடம்.

அந்தப் பட்டியலில் என் முதல் பெயர் மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு எழுதும்போது இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண்ணில் தொடங்கும்; எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்தும்; உயிர் போகும். உலகம் முழுக்க இப்படி நடந்திருக்கிறது. கூடவே ஃபோலிக் அமிலம் எழுதுவார்கள். பெரும்பாலும் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. ஒரே கவரில் போட்டுக் கொடுத்தால் கதை முடிந்தது. நான் செய்வது: தனித்தனிக் கவர்; மெத்தோட்ரெக்சேட் கவரின் மேல் ‘வாரம் ஒரு நாள் மட்டும்’ என்று எழுதி, என்ன கிழமை என்று நோயாளியையே சொல்லச் சொல்லி, அவர் சொன்ன கிழமையைப் பெரிய எழுத்தில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவேன். பேனாவை அவரிடமே கொடுத்து எழுதச் சொன்னதும் உண்டு.

மழைக்காலப் பாடம்

ஜூன் பிறந்ததும் எங்கள் பக்கம் வயலில் நாற்று நடவு. எங்கள் சித்தூர் தாலுகாவில் நெல் வயல் நிறைய. சேற்றில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம், மலையாளத்தில் எலிப்பனி. (பழநிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு அண்ணன், போஸ்டரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஆடி மாசத்துல என்ன பனி?” என்றார். காய்ச்சல்தான் இங்கே பனி.) எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கும் வெடிப்பு, புண் வழியாக உள்ளே போவதால் வரும் நோய். தடுப்புக்குக் கேரளச் சுகாதாரத் துறை கொடுக்கச் சொல்வது டாக்சிசைக்ளின்: வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டை ஒரே வேளையில்.

இங்கேதான் குழப்பம். அதே டாக்சிசைக்ளினை நோய்க்குச் சிகிச்சையாகக் கொடுத்தால் 100 மில்லிகிராம் தினமும் இரண்டு வேளை. ஒரே அட்டை, ஒரே மாத்திரை, இரண்டு கணக்கு. ஒரு வீட்டில் கணவருக்குக் காய்ச்சல் வந்து சிகிச்சை, மனைவிக்குத் தடுப்பு என்றால், இரண்டு அட்டையும் ஒரே டப்பாவுக்குள் போகும். போன மழைக்கு ஒரு அக்கா, “வாரத்துக்கு ரெண்டுன்னா திங்கள் ஒண்ணு, வியாழன் ஒண்ணுங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

சாப்பிடும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் படுக்கக் கூடாது. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்து எதுவும் அதே நேரத்தில் கூடாது. அவை டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது கூடாது, அவர்களை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்பதையும் வயலில் நிற்பவரிடம் சொல்லியாக வேண்டும். இவ்வளவையும் ஒரு வகுப்பில் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். பாதி வகுப்பில், மீதி அந்த அக்காவின் கேள்விக்குப் பிறகு தேடிப் படித்தது.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் எல்லையில் இருப்பவர்களுக்குத் தனித் தலைவலி. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் மருந்து விதிகளில் உள்ள எச்1 அட்டவணைப்படி, சில வகை ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் கொடுத்தால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கேரளத்தில் 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் சோதனை தொடங்கினார்கள். நாங்கள் சீட்டுக் கேட்டால் வரும் பதில், “விடுங்க, வேலந்தாவளம் தாண்டி வாங்கிக்கறேன்.” எல்லை ஊர் அது, தாண்டினால் தமிழ்நாடு. சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று சொல்லி அவரை ஜெயிக்க முடியாது. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, எந்த அறிகுறி வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பதை ஒரு நிமிஷத்தில், கோபப்படாமல், பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது சொல்லத் தெரிய வேண்டும். வகுப்புகளில் இதை நடித்துக் காட்டிப் பழக்குவது அபூர்வம். நுண்ணுயிர் எதிர்ப்பு, அதாவது கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது, பற்றி நாற்பது ஸ்லைடு போடுகிறார்கள். “இல்லை” என்று எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு ஸ்லைடு கிடையாது.

வகுப்புகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் போனவற்றில் சில நல்லவை; சிலவற்றில் நேரத்துக்கு வந்தது பிரியாணி மட்டும்தான். மருந்துக் கம்பெனி செலவில் நடக்கும் பேச்சு என்றால் ஒரு காதை மட்டும் கொடுங்கள். புது மருந்து பழசைவிட எவ்வளவு நல்லது என்று சொல்வார்கள். பழசைவிட என்ன விலை, யாருக்குக் கூடாது என்பதை நாம் எழுந்து கேட்க வேண்டியிருக்கும். நல்ல வகுப்புக்கு அடையாளம், அதில் ஒரு நோயாளியின் கதை இருக்கும், கடைசியில் கேள்வித்தாள் இருக்கும், தப்பாக எழுதினால் ஏன் தப்பு என்று சொல்லுவார்கள்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஒரு நோட்டு போதும். பதில் தெரியாமல் நீங்கள் திணறிய கேள்வியை அன்றைக்கே ஒரு வரி எழுதுங்கள். “தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒண்ணா போடலாமா?” என்று கேட்டார்கள் என்று வையுங்கள். ராத்திரி தேடிப் படியுங்கள். வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, கால்சியமும் இரும்பும் நாலு மணி நேரம் தள்ளி. அதைக் கேள்விக்குக் கீழே எழுதுங்கள். அடுத்த முறை அவர் வந்தால் சொல்லுங்கள், சொன்ன தேதியைப் போடுங்கள். மாசக் கடைசியில் புரட்டிப் பார்த்தால் உங்களுக்கு எந்தப் பாடத்தில் ஓட்டை என்று நோட்டே சொல்லிவிடும். என் நோட்டில் சர்க்கரை நோயைவிட இன்ஹேலர் கேள்விகள்தான் அதிகம் இருந்தன. அடுத்து நான் போன வகுப்பு இன்ஹேலர் வகுப்பு.

மருந்தால் ஒருவருக்குத் தடிப்போ, மயக்கமோ, எதிர்பாராத வேறு எதுவோ வந்தால் அதையும் எழுதுங்கள், அப்புறம் அனுப்புங்கள். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. மருந்தாளுநர் சொல்லலாம், நோயாளியே சொல்லலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை, சந்தேகம் போதும். ஒரு படிவத்தை ஒழுங்காக நிரப்பிப் பாருங்கள்: எப்போது தொடங்கினார், எப்போது தடிப்பு வந்தது, கூட வேறென்ன சாப்பிட்டார், நிறுத்தியதும் சரியானதா. பக்கவிளைவு பற்றி எந்த வகுப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது.

கடைசியாகக் காகித வேலை. மருந்தாளுநர் பதிவு மாநிலக் கவுன்சிலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் படித்துப் பதிந்துவிட்டுக் கேரளத்தில் வேலை பார்ப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. பணம் கட்டும் முன் அந்த வகுப்பை உங்கள் பதிவு இருக்கும் கவுன்சில் ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழில் உங்கள் பதிவு எண்ணும் பெயரும் பதிவுச் சான்றில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே, மேடையை விட்டு இறங்கும் முன் பாருங்கள். என் சான்றிதழ் ஒன்றில் இனிஷியல் மாறிப்போய், திருத்தி வாங்க மூன்று முறை பஸ் ஏறினேன். இப்போதெல்லாம் வாங்கியதும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுகிறேன்.